சலுகை யாருக்கு உரியது?
சிறு கொந்தராத்துக் கம்பெனியின் சம்பளக் கணக்கு

மருதானைப் புகையிரத நிலையத்திலிருந்து பஞ்சிகாவத்தைப் பக்கமாக நடப்போர் சிறு தொழில்களின் பெயர்ப் பலகைகளை வரிசையாகக் காணலாம். அருகிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று வெளியேறும் இளைஞர் பலருக்கும், பிறரிடம் கைகட்டி நில்லாது சொந்தமாகக் கொந்தராத்து எடுத்து வேலை செய்யவேண்டும் என்ற ஆசை உண்டு. போற்றத்தக்க ஆசைதான். ஆயின், பலகையை மாட்டிய முதல் மாதமே சம்பளக் கணக்கு வந்து வாயிலில் நின்றுவிடுகிறது.

அவ்வேளையில் எழும் கேள்வி ஒன்றுண்டு. "இலண்டனிலே சிறு கம்பெனிகளுக்குச் சம்பள வரியிற் சலுகை கொடுக்கிறார்களாமே, நமக்கு இல்லையா?" என்பதே அது. இதற்கு விடை காண்பதே நம் நோக்கம்.

இலண்டன் வழக்கு

பிரித்தானியாவிலே தொழில் தருநர் ஒருவர், ஓர் ஊழியரின் சம்பளத்தில் ஆண்டுக்கு 5,000 பவுணுக்கு மேற்பட்ட தொகைக்கு 15 வீதம் தேசியக் காப்புறுதி செலுத்தவேண்டும். இதனிற் சிறிது விட்டுக்கொடுக்கும் சலுகை 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் 2,000 பவுணாகத் தொடங்கிற்று. 2025 ஏப்ரல் முதல் 10,500 பவுணாகியது. இது தானாக வருவதன்று, கேட்டுப் பெறவேண்டும். மேலும், பணிப்பாளர் ஒருவர் மாத்திரமே சம்பளம் பெறும் கம்பெனிக்கு 2016 ஏப்ரல் முதல் இச்சலுகை இல்லை. பிறருக்கு வேலை கொடுப்போரை ஊக்குவிப்பதே அதன் கருத்து.

இங்கே ஏன் இல்லை?

நம் நாட்டிலோ, முதல் ஊழியரின் முதல் நாளிலிருந்தே கடமை தொடங்குகிறது. இலங்கரத்ன அவர்கள் தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி உண்டாயிற்று. இன்று அதற்குத் தொழில் தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்துகின்றனர். 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். கம்பெனி சிறிது என்பதற்காக எவ்விதக் கழிவும் இல்லை.

இதைக் கொடுமை என்று கூறுவோர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். இலண்டனிற் செலுத்தப்படுவது அரசின் பொதுப் பெட்டிக்குச் செல்கிறது. அதை விட்டுக்கொடுக்க அரசினால் இயலும். இங்கு செலுத்தப்படும் பணமோ அந்த ஊழியரின் பெயரிலேயே வரவு வைக்கப்படுகிறது. அதில் ஒரு ரூபாயைத் தொழில் தருநருக்குக் கழித்துவிட்டால், அந்த ரூபாய் ஓர் ஏழைத் தொழிலாளியின் முதுமைக்காலக் கணக்கிலிருந்தே குறையும். அரசு தன் பணத்தைத் தானம் செய்யலாம். ஊழியரின் பணத்தைத் தானம் செய்யலாமா?

நமக்கு உள்ள சலுகை

எனவே நாம் கேட்டுப் பெறக்கூடிய சலுகையை வேறிடத்திலே தேடவேண்டும். வருமான வரியில், 2025 ஏப்ரல் முதல், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய், அதாவது மாதம் 150,000 ரூபாய், தனிநபர் விடுவிப்பாக உண்டு. இது மனிதருக்கு உரியது; கம்பெனிக்கு இல்லை. இந்த வேறுபாட்டை அறியாமையாற் பணம் இழப்போர் உளர்.

ஓர் உதாரணம் கூறுவோம். மென்பொருள் எழுதும் இளைஞர் ஒருவர் கொந்தராத்து மூலம் மாதம் 200,000 ரூபாய் உழைக்கிறார். வேறு செலவு இல்லையென வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 24 இலட்சம்.

அவர் கம்பெனி வைத்து, தமக்குச் சம்பளமே எழுதாது விட்டால், முழுத் தொகையும் இலாபமாகி, 30 வீதப்படி 720,000 ரூபாய் வரியாகிறது. மாதம் 150,000 ரூபாயைத் தமக்குச் சம்பளமாக எழுதினாலோ, அச்சம்பளத்துக்கு வரியில்லை. சம்பளமும், அதன்மேல் 15 வீதமும் கம்பெனியின் செலவாகக் கழிய, எஞ்சும் 330,000 ரூபாய்க்கு 99,000 ரூபாயே வரி. அந்த 15 வீதமும் அவரது சம்பளத்திற் கழியும் 8 வீதமும் சேர்ந்து, ஆண்டுக்கு 414,000 ரூபாய் இரு நிதிகளிலும் அவர் பெயரிலேயே சேர்கிறது.

கம்பெனியே இல்லாது தம் பெயரில் உழைத்தால் எப்படி? 18 இலட்சம் போக மிகுதி 6 இலட்சத்துக்கு 6 வீதப்படி 36,000 ரூபாய் மாத்திரமே வரி. ஆனால், பணம் கொடுப்போர் அவரது கட்டணத்தில் 5 வீதத்தை முன்கூட்டியே பிடித்துவிடுவர். அவ்வாறு போவது ஆண்டுக்கு 120,000 ரூபாய். மேலதிகமாகப் பிடித்த 84,000 ரூபாயைத் திரும்பப் பெறவேண்டுமாயின், மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்குரிய வருமான வரி விவரத்திரட்டை அவ்வாண்டு நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டும். பிடித்ததற்கான சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பேணவேண்டும். வாய் திறவாதவருக்கு அத்தொகை இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வேறிடத்திலும் வேலை செய்பவர், இவ்விடுவிப்பைப் பிரதான தொழிலிலே ஏற்கெனவே பெற்றிருப்பின், இரண்டாம் சம்பளத்திலும் அதைப் பெற முடியாது.

தவறான குறுக்குவழி

15 வீதத்திலிருந்து தப்புவதற்காக, தம்மிடம் நாள்தோறும் வேலை செய்பவரையே "கொந்தராத்துக்காரர்" என்று பதிவேட்டில் எழுதும் வழக்கமும் சிலரிடம் உண்டு. தற்காலிக ஊழியரும் துண்டு வேலைக்குக் கூலி பெறுவோரும் சேமலாப நிதிக்கு உரியவரே. தவணை தவறிய பணத்துக்கு 5 வீதம் முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் ஏறும். அதனினும் பெரிது, பல ஆண்டுகள் உழைத்தவர் ஓய்வு பெறும் நாளிலே வெறுங்கையுடன் வீடு திரும்புவது.

தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: உமக்குரிய விடுவிப்பை ஒரு சதமும் விடாது கேட்டுப் பெறுக, உம்மிடம் உழைப்பவருக்குரியதை அவர் கேளாமலே கொடுத்துவிடுக. கணக்கு நேராயிருந்தால், பெயர்ப் பலகையும் நெடுங்காலம் நிற்கும்.