மூன்று மணிக் கூட்டம்
2022 கோடை வரைக்கும் எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்குள் நான் போனது மகளை விடவும் கூட்டிவரவும் மட்டும்தான். தையல் மெஷினை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போச்சு. அந்த வருஷப் பெற்றோர் கூட்டத்தில் யாரோ என் பெயரைச் சொல்ல, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாகிவிட்டேன்.

குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். எங்கள் குழுவில் 20 பேர். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர், தலைமை பெற்றோருக்கு. காகிதத்தில் அப்படி. நடப்பில் தீர்மானப் புத்தகம் என் வாசலுக்கு வரும், படிக்காமலே கையெழுத்துப் போடுவேன்.

ஜூன் கடைசியில், காலியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களைக் குழுக்கள் வழியாக நிரப்பச் சொன்னது அரசு. மாநிலம் முழுக்க 13,331 இடங்கள். எங்களுக்கு ஒன்று: இடைநிலை ஆசிரியர், மாதம் 7,500 ரூபாய். (பிறகு 12,000 ஆனது.) சம்பளமும் காலமும் அரசு வைத்தது, ஆளைப் பிடிப்பது நம் பாடு. இது அதிகாரமா, தலைவலியைக் கைமாற்றுவதா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

'தையக்காரம்மா' என்றவர்களெல்லாம் திடீரென்று 'தலைவியம்மா' என்றார்கள். நாத்தனார் தன் மகளுக்காகப் பலகாரத்தோடு வந்தார். "நம்ம புள்ளைக்குப் போனா உனக்கு என்னம்மா நட்டம்?" இப்படிச் சிபாரிசில் வேலை போய்விடும் என்ற பயத்தில் நீதிமன்றத்தில் வழக்குகளும் போட்டார்கள், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று விதி இறுகியது. எனக்கு நிம்மதி. "விதி மாறிருச்சு மதினி" என்று தப்பித்தேன்.

விண்ணப்பித்தவர்கள் நாலாம் வகுப்பில் பாடம் நடத்திக் காட்டினார்கள். நாங்கள் சில பெற்றோர் கடைசிப் பெஞ்சில், முழங்காலை மடக்கிக்கொண்டு. ஒரு பெண் கழித்தல் சொல்லிக்கொடுத்தார். "பக்கத்துல கடன் வாங்கணும்" என்றதும், பள்ளிக்கூடமே போகாத பால்காரம்மா ஒருவர், "யாருகிட்ட? எப்பத் திருப்பித் தரணும்?" என்று கேட்டுவிட்டார். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்து, ஒன்றுகளின் பக்கம் போட்டார். "அட, சில்லறை மாத்துறதா!" என்றார் பால்காரம்மா. அந்தப் பெண்ணையே எடுத்தோம்.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை, வழக்கம்போலப் புத்தகம் வாசலுக்கு வந்தது. முதல்முறையாகப் படித்தேன். 'பிற்பகல் 3 மணிக்குக் கூடிய கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒருமனதாக' என்றிருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். காலை மணி பதினொன்று.