நேரான முதுகும் நீங்கா நோவும்

கம்பராமாயணத்திலே கூனி தோன்றுமிடத்து ஒரு பழைய நிகழ்ச்சி நினைவூட்டப்படுகின்றது. இளமையில் இராமன் விளையாட்டாக வில்லினின்றும் விட்ட உண்டை அவள் முதுகிற் பட்டது. எய்தவனுக்கு அது விளையாட்டு. ஏற்றவளுக்கோ ஆண்டுகள் பல கழிந்தும் ஆறாத நினைவு. அவள் பின்னர்ச் செய்த தீங்கை ஒருவரும் ஒப்பார். எனினும், முதுகு வளைந்தோரின் நோவைப் பிறர் எளிதாக எண்ணும் இயல்பு பழமையானது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. அவ்வியல்பு இன்று வேறொரு வடிவில் நிலவுகின்றது. வளைந்த முள்ளந்தண்டைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்திய பின்னரும் நோவு நீங்காதிருப்போர் சிலருளர். அவர்தம் முதுகு நேராயிருத்தலைக் கண்டவர்கள் அவர் சொல்லை நம்ப மறுக்கின்றனர். இந்நிலையின் காரணங்களையும், அதனோடு வாழும் முறையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூன் வேறு, பக்கவளைவு வேறு. கூனில் முள்ளந்தண்டு முன்னோக்கி வளையும். பக்கவளைவிலோ அது இடமாகவேனும் வலமாகவேனும் வளைவதோடு தன் அச்சிலே முறுக்குண்டும் நிற்கும். மருத்துவர் வழங்கும் 'ஸ்கோலியோசிஸ்' என்னும் பெயர், வளைந்தது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. எக்ஸ் கதிர்ப்படத்தில் இவ்வளைவை அளக்கும் முறையை ஐக்கிய அமெரிக்க வைத்தியர் ஜோன் கொப் 1948இல் வெளியிட்டார். அக்கோணம் 10 பாகையோ அதற்கு மேலோ ஆயின் அதனைப் பக்கவளைவு என்பர். பெரும்பாலும் இது பிள்ளைகள் விரைந்து வளரும் பருவத்திலே வெளிப்படும். பெரிய வளைவுகள் பெண்பிள்ளைகளிடத்தே மிகுதி. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னதென்று இதுவரை துணியப்படவில்லை. புத்தகப்பை சுமத்தலாலோ கோணி இருத்தலாலோ இது தோன்றுவதன்று. ஆதலின் பிள்ளையையோ பெற்றோரையோ குறைகூறுதல் தகாது.

நியூயோர்க்கிற் பணியாற்றிய ரசல் ஹிப்ஸ் என்பார், முள்ளந்தண்டென்புகளை ஒன்றோடொன்று இணைந்து வளரச் செய்யும் சத்திரசிகிச்சையை 1911இல் வெளியிட்டார். முதலிற் காசநோயாற் பழுதுற்ற முள்ளந்தண்டுக்குக் கையாளப்பட்ட அம்முறை, பின்னர்ப் பக்கவளைவுக்கும் பயன்பட்டது. ஹியூஸ்ரன் நகரிலே, இளம்பிள்ளைவாதத்தால் முதுகு வளைந்த சிறுவர்க்கு வைத்தியஞ் செய்த போல் ஹரிங்ரன், வளைவின் உட்புறத்தை நீட்டி நிமிர்த்தும் உருக்குக் கோலொன்றை அமைத்து, அதுபற்றி 1962இல் எழுதினார். 1980களிற் பிரான்சு நாட்டு வைத்தியர் கொத்ரெல், தியூபூசே ஆகியோர் பல இடங்களிற் கொளுக்கியிட்டுப் பிணைக்கும் முறையை வகுத்தனர். இன்று திருகாணிகளும் கோல்களும் பெருவழக்காயுள்ளன. ஏறத்தாழ 45 முதல் 50 பாகை வளைவுள்ள இளையோர்க்கே இச்சிகிச்சை பொதுவாக எண்ணப்படும். வளைவு மேன்மேலும் பெருகாது தடுத்தலே இதன் முதல் நோக்கம். நோவை முற்றாக நீக்குவதாக இது வாக்களிப்பதில்லை. இவ்வேறுபாட்டை முன்னரே உணராமை பின்னர் எழும் ஏமாற்றத்துக்கு ஒரு காரணமாகும்.

அங்ஙனமாயின் நோவு ஏன் எஞ்சுகின்றது? கோல் தற்காலத் துணையே. என்புகள் இணைதலே நிலையான பயன். ஓரிடத்தில் அவை இணையாதுபோயின், அங்கே அசைவு தொடரும். நாளடைவிற் கோல் முறிதலுங் கூடும். இது முதலாவது. இணைக்கப்பட்ட பகுதி வளையாது. ஆகவே குனிதல், திரும்புதல் ஆகியவற்றின் பளு அதற்கு மேலும் கீழுமுள்ள மூட்டுகளைச் சாரும். ஆண்டுகள் செல்ல அவை தேயும். இது இரண்டாவது. நாரிப் பகுதிக்கு இயற்கையிலேயே உள்ளோக்கிய ஒரு வளைவு உண்டு. ஹரிங்ரன் கோல் நாரியின் கீழ்ப்பகுதி வரை பொருத்தப்பட்டோர் சிலரில் அவ்வளைவு குன்றித் தட்டையாயிற்று. அவர்கள் நிமிர்ந்து நிற்பதற்கே தசைகள் ஓயாது உழைக்கவேண்டியதாயிற்று. இது மூன்றாவது. திருகாணி நரம்பை உறுத்தல், தொற்று முதலியனவும் உள.

சிலரிடத்தே இவற்றுள் ஒன்றுங் காணப்படுவதில்லை. படங்கள் யாவும் செம்மையாயிருக்கும். நோவு மட்டும் நிற்கும். அது பொய்யோ எனின், அன்று. நோவுச் செய்தி மூளைக்குச் செல்லுமுன் முண்ணாணிலே மிகுக்கப்படவும் குறைக்கப்படவும் கூடுமென்ற வாயிற் கொள்கையை மெல்சாக், வோல் என்னும் இருவர் 1965இல் வெளியிட்டனர். மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட நோவை நாட்பட்ட நோவு என்பர். அதில் நரம்புமண்டலமே கூருணர்வு பெற்றுவிடுதல் உண்டு. ஒருமுறை கள்வனைக் கண்ட வீட்டுநாய் பின்னர்ப் பனையோலை சரசரத்தாலுங் குரைக்கின்றது. கள்வன் இல்லை, ஆயின் குரைப்பு மெய். நோவு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கமும், நோவுடையேன் என ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டுமென 2020இல் திருத்திய தன் விளக்கத்திற் குறித்துள்ளது.

இனி, வாழும் முறையை நோக்குவோம். புதிதாக மிகும் நோவை முதலில் வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும். காய்ச்சல், கால் வலுவிழத்தல், தொடையிடை மரத்தல், சலமலக் கட்டுப்பாடு குன்றல் ஆகியன தோன்றின் ஒரு நாளுந் தாழ்த்தலாகாது. இவை இல்லாவிடத்து, வேலையைப் பகுத்துச் செய்தலே சிறந்த பழக்கம். நோவு குறைந்த நாளில் எல்லாவற்றையும் முடிக்க முயன்று, அடுத்த மூன்று நாள் படுக்கையிற் கிடத்தல் பலர் செய்யுந் தவறு. நாள்தோறும் அளவான நடை, பயிற்றப்பட்டவர் வகுத்த உடற்பயிற்சி, ஒழுங்கான உறக்கம் ஆகியன பயன்தரும். மருந்து ஒரு துணையேயன்றி முழுத் தீர்வன்று. அபின் வகை மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்ளுதல் கேடு பயக்கும். நோவு பற்றிய அச்சத்தையும் எண்ணத்தையும் சீர்செய்யும் உளச்சிகிச்சையும் உண்டு. அதனை நாடுவதால் நோவு கற்பனையென்று ஆகிவிடாது.

பாடசாலைக்கும் இதிற் பங்குண்டு. பாட நடுவே அடிக்கடி எழுந்து நின்ற மாணவனொருவனை ஒழுங்கீனனென்று கருதி யான் கடிந்ததுண்டு. அவன் சட்டையின் கீழே கழுத்தடி தொட்டு நாரி வரை நீண்ட தழும்பொன்று இருந்ததைப் பின்னரே அறிந்தேன். அவன் எனக்கு ஒன்றும் விளக்கவில்லை. பலருக்கு விளக்கிச் சலித்திருந்தான் போலும். அதன்பின் அவன் வகுப்பின் கடைசியில் வேண்டும்போது நிற்கவும் நடக்கவும் இடங்கொடுத்தேன். அவன் கல்வியும் குன்றவில்லை. என் வகுப்பின் ஒழுங்குங் குன்றவில்லை. சாய்வுள்ள கதிரை, வீட்டுக்கொன்றும் வகுப்புக்கொன்றுமாக இரு தொகுதிப் புத்தகங்கள், எழுந்து நிற்க அனுமதி ஆகிய இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நோவைத் தீர்த்தல் ஆசிரியரால் ஆவதன்று. நோவுடையானை நம்புதல் ஆகும். அந்நம்பிக்கை, தன் நோவை மெய்ப்பிக்கும் வேலையினின்றும் அவனை விடுவித்து, அவன் வலிமையைக் கல்விக்கு மீட்டுத் தருகின்றது.