ஒரு வெள்ளி வைத்தியத்தின் மீதிச் செலவு யாருடையது?

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாணய மாற்றுக் கடை வைத்திருப்பவருக்கும் நகைக்கடையில் வேலை செய்பவருக்கும் திடீரென நெஞ்சு வலித்தால் போவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பெரியாஸ்பத்திரி. மற்றது, காப்புறுதி அட்டை இருந்தால் தனியார் மருத்துவமனை. முதலாவதில் காத்திருப்பு நீள்கிறது. இரண்டாவதில் பில் நீள்கிறது. மலேசியாவின் சுகாதாரச் சீர்திருத்த விவாதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கிக் கிடக்கிறது.

ஒரு வெள்ளி எப்படிப் போதும்?

போதாது. அரசுக் கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. 1982ஆம் ஆண்டுக் கட்டண ஆணை வகுத்த கணக்கு இது. பதிவு, மருத்துவர், மருந்து எல்லாம் அந்த ஒரு வெள்ளிக்குள் அடக்கம். மீதியை வரிப்பணம் சுமக்கிறது. 2025 பட்ஜெட்டில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 45.3 பில்லியன் ரிங்கிட். பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறது 2023 தேசிய ஆய்வு. மாதந்தோறும் மாத்திரை வாங்க வருபவர்கள் பெருகப் பெருக, இந்தச் சுமையும் ஏறுகிறது.

வெள்ளை அறிக்கை என்ன சொல்கிறது?

2023 ஜூனில், டாக்டர் ஸலிஹா முஸ்தாபா அமைச்சராக இருந்தபோது, சுகாதார வெள்ளை அறிக்கையை மக்களவை ஏற்றது. அவருக்கு முன் அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் தொடங்கிய வேலை அது. 15 ஆண்டுகளுக்கான திட்டம்: நோய் வருமுன் காப்பது, ஆரம்பச் சிகிச்சையைப் பலப்படுத்துவது, நிதிக்கு நிலையான வழி தேடுவது. முதல் இரண்டிலும் கட்சி பேதமில்லை. சிக்கல் மூன்றாவதில்.

நிதி என்றதும் ஏன் தயக்கம்?

பழைய சூடு இன்னும் ஆறவில்லை. '1கேர்' என்ற பெயரில் சமூகக் காப்புறுதித் திட்டம் பேசப்பட்டபோது, சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற அச்சம் பரவியது. 2012இல் எதிர்ப்புப் பிரசாரமே நடந்தது. திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அதன் பிறகு 'எல்லாரும் மாதச் சந்தா கட்டுங்கள்' என்று வாய் திறந்து சொல்ல எந்த அரசும் துணியவில்லை.

தனியார் பக்கம் என்ன நடக்கிறது?

2024 இறுதியில் காப்புறுதிச் சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை எகிறப் போகிறது என்ற செய்தி நடுத்தரக் குடும்பங்களைக் கலங்கடித்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிக்கச் சொன்னது. சந்தாதாரர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு ஆண்டு உயர்வு பத்து விழுக்காட்டைத் தாண்டாது என்றது. இது தவணைதான், தள்ளுபடி அல்ல. சந்தா கட்ட முடியாமல் அட்டையைக் கைவிடுபவர் அடுத்து நிற்கப் போவது பெரியாஸ்பத்திரி வரிசையில். ஆகவே தனியார் விலை, அரசு மருத்துவமனையின் பிரச்சினையும்தான்.

'ராக்கான் கேகேஎம்' எதற்கு?

அரசு மருத்துவமனையிலேயே கூடுதல் கட்டணம் கட்டி, விரும்பிய நிபுணரிடம் சிகிச்சை பெற சுகாதார அமைச்சு கொண்டுவந்த ஏற்பாடு இது. 2007இல் புத்ராஜெயா, செலாயாங் மருத்துவமனைகளில் தொடங்கிய முழுக்கட்டண நோயாளித் திட்டத்தின் தம்பி என்று சொல்லலாம். நிபுணர்கள் தனியாருக்குத் தாவுவதைத் தடுக்கும், வருமானம் மற்ற நோயாளிகளுக்கும் உதவும் என்கிறது அமைச்சு. ஒரே கூரையின் கீழ் பணக்கார வரிசை, ஏழை வரிசை என்று இரண்டாகிவிடும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். நிபுணரின் நேரத்தில் எவ்வளவு கட்டண நோயாளிக்கு, எவ்வளவு ஒரு வெள்ளி நோயாளிக்கு என்பதை எழுத்தில் வைத்து, காத்திருப்பு நாட்களை வெளியிட்டால், யார் சொல்வது சரி என்பது தெரிந்துவிடும்.

கடைசியில் யார் கட்டுவது?

வரி, சந்தா, கைப்பணம்: மூன்றைத் தவிர நான்காவது வழி கிடையாது. வரியைக் கூட்டினால் வாக்குப் போகும். சந்தா என்றால் 2012 நினைவுக்கு வரும். முடிவைத் தள்ளிப்போட்டால் பளு தானாகவே கைப்பணத்தின் மேல் விழும். நாட்டின் சுகாதாரச் செலவில் சுமார் மூன்றில் ஒரு பங்கை மக்கள் ஏற்கெனவே சொந்தப் பையிலிருந்து கட்டுகிறார்கள். மௌனமும் ஒரு நிதிக் கொள்கைதான். அதை யாரும் மக்களவையில் வாக்களித்து நிறைவேற்றவில்லை.