எடை குறைப்பு ஆபரேஷன்: தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



என் காலேஜ் நண்பன் ஒருத்தன். ஐடி வேலை, வயசு 34, உயரம் 170 செ.மீ., எடை 108 கிலோ. டயட், ஜிம், வாக்கிங்னு எல்லாமே பார்த்தாச்சு. குறைஞ்ச எடை ஆறே மாசத்துல திரும்பி வந்துடும். கடைசியில சர்ஜன் ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்லிட்டார். தேதி குறிச்சாச்சு, லீவும் போட்டாச்சு. அட்மிட் ஆக வேண்டியதுக்கு முந்தின நாள் சாயங்காலம் இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து மெயில் வருது: கேஷ்லெஸ் அனுமதி கிடையாது.

ராத்திரி எனக்கு போன். "மச்சி, டாக்டர் வேணும்னு சொல்றாரு. இவங்க ஏன்டா முடியாதுங்கிறாங்க?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. ஆபரேஷன் தேவையா, எந்த வகைங்கிறதை உங்க டாக்டர்தான் சொல்லணும். பணக் கணக்கு மட்டும்தான் என் ஏரியா.

பேண்டா, ஸ்லீவா?

என் நண்பன் முதல்ல கேட்டது கேஸ்ட்ரிக் பேண்ட். வயித்தோட மேல்பகுதியில ஒரு சிலிக்கான் வளையம் மாட்டுவாங்க. தோலுக்கு அடியில இருக்கிற ஒரு சின்ன போர்ட் வழியா ஊசியில சலைன் ஏத்தி, வளையத்தை இறுக்கலாம், தளர்த்தலாம். வயித்தை வெட்டுறதில்லை, வேண்டாம்னா எடுத்துடலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா, வளையம் நகர்றது, வயித்துச் சுவரை அரிக்கிறது, எதிர்பார்த்த அளவு எடை குறையாம போறதுன்னு பிரச்சினைகள் வந்து, பல பேருக்கு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு. அதனால உலக அளவுலயே பேண்ட் இப்போ ரொம்பக் குறைஞ்சிடுச்சு. இன்னிக்கு அதிகமா நடக்கிறது ஸ்லீவ். இதுல வயித்துல முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடுவாங்க. திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

பணக் கண்ணோட்டத்துல சொன்னா, பேண்டுக்கு ஒரு பில் மட்டும் இல்லை. சலைன் அட்ஜஸ்ட் பண்ணப் போற ஒவ்வொரு விசிட்டும் செலவு, நாளைக்கு எடுக்க வேண்டி வந்தா அதுவும் செலவு. "எடுத்துடலாம்"கிறதும் "இலவசமா எடுத்துடலாம்"கிறதும் ஒண்ணு இல்லை.

டாக்டர் கணக்கு வேற, பாலிசி கணக்கு வேற

எடையை (கிலோ) உயரத்தோட (மீட்டர்) வர்க்கத்தால வகுத்தா பிஎம்ஐ. என் நண்பனுக்கு 108 ÷ 2.89 = 37.4.

2022-ல வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்படி பிஎம்ஐ 35 தாண்டினாலே, வேற நோய் இல்லாட்டியும், ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே. ஆனா ஐஆர்டிஏஐ வகுத்த நிலையான விலக்கு விதி (பாலிசியில "எக்ஸ்க்ளூஷன் 06"னு தேடுங்க) சொல்றது வேற. கவர் கிடைக்க எல்லாமே பொருந்தணும்:

- டாக்டரோட பரிந்துரை, அதுக்கு மருத்துவ நெறிமுறைகளோட ஆதாரம்
- வயசு 18 அல்லது அதுக்கு மேல
- பிஎம்ஐ 40 அல்லது அதுக்கு மேல. இல்லைன்னா 35 அல்லது அதுக்கு மேல இருந்து, மத்த வழிகள்ல எடை குறையாம, கூடவே இதுல ஒண்ணாவது இருக்கணும்: உடல்பருமனால வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிர ஸ்லீப் ஏப்னியா, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை

நம்மாளு 37.4-ல மாட்டினது இந்த இடைவெளியிலதான். "அப்போ 116 கிலோவாகிட்டு வரட்டுமா?"ன்னு கேட்டான். சிரிப்பு வந்தாலும், தயவுசெஞ்சு யாரும் அதைப் பண்ணாதீங்க. எடை ஏற ஏற மயக்க மருந்துல இருந்தே ஆபத்து கூடும்.

அவன் மனைவி பல வருஷமா சொல்லிட்டிருந்த ஒரு விஷயம், அவன் குறட்டை. டாக்டர் தூக்கப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். ரிசல்ட்: தீவிர ஸ்லீப் ஏப்னியா. அந்த ரிப்போர்ட், முன்னாடி டயட்டீஷியனைப் பார்த்த பதிவுகள், சர்ஜனோட கடிதம், எல்லாம் சேர்த்து திரும்ப அனுப்பினோம். அனுமதி வந்துச்சு. உண்மையா இருக்கிற நோயைப் பரிசோதிச்சு ஆதாரத்தோட காட்டுறது வேற, இல்லாததை எழுத வைக்கிறது வேற. இரண்டாவது மோசடி.

பாலிசியில நாலு இடம் பாருங்க

1. காத்திருப்புக் காலம். தனிநபர் பாலிசியில ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் இருக்கலாம். கம்பெனி குரூப் பாலிசியில பெரும்பாலும் இருக்காது. ஆனா வேலையை விட்டா அந்தக் கவரும் போயிடும். நோட்டீஸ் பீரியட்ல இருக்கிறவங்க உஷார்.
2. உச்சவரம்பு. 5 லட்சம் பாலிசியா இருந்தாலும், இந்த ஆபரேஷனுக்கு மட்டும் தனி லிமிட் இருக்கலாம்.
3. ரூம் வாடகை. லிமிட் 5,000, நீங்க எடுத்தது 8,000 ரூம்னா, வாடகையில மட்டும் கை வைக்க மாட்டாங்க. சர்ஜன் ஃபீஸ் மாதிரி செலவுகளையும் அதே விகிதத்துல குறைக்கலாம்.
4. எடையை மறைச்சீங்களா? புது பாலிசி எடுக்கும்போது 108-ஐ 88-ன்னு எழுதினா பிரீமியத்துல கொஞ்சம் மிச்சம். கிளெய்ம்ல மொத்தமும் போகும்.

இன்சூரன்ஸ் இல்லைன்னா?

பில் 4 லட்சம்னு வைங்க. 14% வட்டிக்கு 3 வருஷ பர்சனல் லோன் எடுத்தா இஎம்ஐ சுமார் 13,670, வட்டி மட்டும் 92,000-க்கு மேல. இது உயிர் போற அவசர ஆபரேஷன் இல்லை, முடிவெடுக்கிறது உங்க டாக்டரோட பேசித்தான். அவர் காத்திருக்கலாம்னு சொன்னா, ஒரு வருஷம் சேர்த்துட்டுப் போங்க. வரிச்சலுகையையும் நம்பாதீங்க. 80டி-யில முக்கியமா உங்க பிரீமியத்துக்குத்தான் கழிவு, அதுவும் பழைய வரி முறையில மட்டும். இன்சூரன்ஸ் இல்லாத மூத்த குடிமக்களைத் தவிர, மத்தவங்களோட ஆபரேஷன் பில்லுக்குக் கிடையாது.

பில்லுல வராத செலவு

ஆபரேஷன் முடிஞ்சதும் முதல்ல தண்ணி ஆகாரம், அப்புறம் கூழ் பதம், அப்புறம் மென்மையான உணவு. சாதாரண சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாசம் ஆகும். ஒரு இட்லியே போதும் போதும்னு இருக்கும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. தினமும் 60 கிராமுக்குக் குறையாம புரதம். ஸ்லீவ், பைபாஸ்னா பி12, இரும்பு, கால்சியம், டி எல்லாம் ஆயுசுக்கும். முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். பெண்கள் 12 முதல் 18 மாசம் வரைக்கும் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வாங்க.

புரோட்டீன் பவுடர், மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டயட்டீஷியன், எதுவுமே ஆஸ்பத்திரி பில்லுல வராது. பாலிசி தர்றது பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 அல்லது 90 நாள் வரைக்கும்தான். அதனால ஆபரேஷன் பட்ஜெட்டோட, முதல் வருஷத்துக்கு மாசாமாசம் ஒரு தொகையைத் தனியா ஒதுக்குங்க. செலவை மிச்சம் பிடிக்கிறேன்னு மாத்திரையை நிறுத்தினவங்களுக்கு ரத்தசோகை, எலும்புத் தேய்மானம்னு பின்னாடி பெரிய பில்லே வரும்.

என் நண்பனுக்கு இப்போ ஒரு வருஷம் தாண்டிடுச்சு. எடை 79. கல்யாண வீட்டுப் பந்தியில இலையைப் பாதியிலயே மடிக்கிறான், பக்கத்துல இருக்கிறவங்க கோவிச்சுக்கிறாங்க. "குறட்டை சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரலை அண்ணா"ன்னு அவன் மனைவி கிண்டல் பண்றாங்க.

நீங்க இன்னிக்கு செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. உங்க ஹெச்ஆர்கிட்ட குரூப் பாலிசியோட முழு காப்பியைக் கேட்டு வாங்குங்க. இரண்டு பக்க சுருக்கம் போதாது. தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. முந்தின நாள் சாயங்காலம் வர்ற மெயிலை விட அது நல்லது.