நாவும் நினைவும்

சென்ற ஆண்டில் எத்தனை முறை கோயிலுக்குச் சென்றோம் என்று ஒருவர் வினவினால், நாம் எண்ணிப் பார்த்தா விடை கூறுகின்றோம்? உத்தேசமாக ஒரு தொகையைச் சொல்லிவிடுகின்றோம். கேட்பவர் பெரியவராயின் அத்தொகை சற்றே கூடியும் விடுகின்றது. கோயிலைப் பற்றிய வினாவுக்கே இவ்வாறாயின், அந்தரங்க வாழ்வைப் பற்றிய வினாவுக்கு நாம் கூறும் விடை எத்தன்மையதாய் இருக்கும்?

1980ஆம் ஆண்டுகளில் எயிட்ஸ் நோய் பரவியபோது, அதன் போக்கைக் கணிப்பதற்கு மக்களின் பாலுறவுப் பழக்கங்களை அறிதல் இன்றியமையாததாயிற்று. பிரித்தானியாவில் இதற்கெனத் திட்டமிட்ட ஆய்வுக்குத் தாட்சரின் அரசாங்கம் 1989இல் பணம் வழங்க மறுத்தது. வெல்கம் அறநிதியம் கைகொடுக்க, 1990இலும் 1991இலும் 18,876 பேரிடம் அவ்வாய்வு நடைபெற்றது.

பத்தாண்டுக்கொரு முறை தொடர்ந்த இவ்வாய்வின் மூன்றாவது சுற்று 2010 முதல் 2012 வரை நிகழ்ந்தது. வாழ்நாளில் எதிர்ப்பாலார் எத்தனை பேருடன் உறவு கொண்டீர் என்ற வினாவுக்கு ஆடவர் கூறிய சராசரி 14. பெண்கள் கூறியது 7. ஓர் உறவுக்கு ஆணொருவரும் பெண்ணொருவரும் வேண்டுமன்றோ? இரு பாலாரும் ஏறத்தாழச் சம தொகையினராய் வாழும் நாட்டில் இவ்விரு சராசரிகளும் நெருங்கியல்லவோ இருத்தல் வேண்டும்?

இப்புதிரை ஆராய்ந்தோர் 2018இல் விளக்கம் தந்தனர். மிகப் பெரிய தொகைகளைக் கூறிய சிலர் ஆடவரின் சராசரியை உயர்த்திவிட்டனர். மேலும், ஆடவர் பலர் உத்தேசமாகக் கூறினர். பெண்களோ ஒவ்வொருவராக எண்ணிக் கூறும் இயல்பினராய் இருந்தனர். ஒழுக்கம் பற்றிய கருத்துக்களும் விடைகளைப் பாதித்தன. இவற்றை நீக்கிக் கணக்கிட்டபோது இடைவெளி பெரிதும் சுருங்கியது; ஆயினும் முற்றாக மறையவில்லை.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக மாணாக்கரிடையே நடந்து, 2003இல் வெளிவந்த சோதனை இன்னும் சுவையானது. தம் விடைத்தாளைப் பிறர் காணக்கூடும் என்று எண்ணிய மாணவியர் கூறிய சராசரி 2.6. பெயரின்றித் தனித்து எழுதியோர் கூறியது 3.4. பொய்யைக் கண்டறியும் கருவியுடன் பிணைக்கப்பட்டோர் கூறியதோ 4.4! அக்கருவி உண்மையில் இயங்கவேயில்லை. மாணவரின் விடைகள் இம்மூன்று நிலையிலும் 3.7, 4.2, 4.0 என அதிகம் மாறவில்லை.

நினைவு தவறுவது இயல்பே. ஆனால் நாணமும் பழிச்சொல்லுக்கு அஞ்சும் அச்சமும் நாவைத் தடுக்கும்போது தவறு இன்னும் பெரிதாகின்றது. பிழையான தொகையைக் கொண்டு நோய்த்தடுப்புத் திட்டம் வகுப்பின், அதனால் துன்புறுவோர் மக்களே. இதனாலன்றோ ஆய்வாளர் இத்தகைய வினாக்களை வாயாற் கேளாது, விடையளிப்போரே கணினியிற் பதியும்படி விடுகின்றனர்! வைத்தியரிடமும் நம் இல்லத்திலும் அச்சமின்றிப் பேசும் நிலையை நாம் உண்டாக்குவோமாயின், உண்மையைப் பெறுவதற்குப் பொய்க்கருவி எதுவும் வேண்டியதில்லை.