வழக்கமான இளைப்புதானா?

சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவரிடம் நலம் விசாரித்தால், 'எப்பவும் போலத்தான் இருக்கு' என்பார். பல வருஷம் பீடி பிடித்த பெரியவரும் சரி, விறகு அடுப்புப் புகையிலேயே காலம் தள்ளிய பாட்டியும் சரி, இளைப்போடு பழகிப்போனவர்கள். ஆபத்தே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. இன்ஹேலர் மருந்தையும் மீறி நோய் சீறும் நாளை எப்படிக் கண்டுகொள்வது?

1990களில் கிழக்கு லண்டன் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் ஒரு தினக்குறிப்பு அட்டை கொடுத்தார்கள். தினமும் காலையில், மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி அளவைக் குறிக்க வேண்டும். இளைப்போ இருமலோ சளியோ வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் அதையும் எழுத வேண்டும். 1998-ல் வெளிவந்த முடிவு மருத்துவர்களையே உலுக்கியது. அட்டையில் பதிவாகியிருந்த நோய்ச் சீற்றங்களில் ஏறக்குறைய பாதியை நோயாளிகள் மருத்துவரிடம் சொல்லவே இல்லை! அதே குழுவின் 2004 ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்கள் சீக்கிரம் தேறினார்கள், சொல்லாமல் விட்டவர்களுக்கு அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் கூடியது.

கவனிக்க வேண்டியவை மூன்றே மூன்று. கனடாவின் வின்னிபெக் நகர மருத்துவர் ஆந்தோனிசன் 1987-லேயே அவற்றை வகுத்துவிட்டார்: இளைப்பு கூடுவது, சளியின் அளவு கூடுவது, சளி சீழ் போல நிறம் மாறுவது. நிறம் பார்ப்பதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை. 2000-ல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், பச்சை நிறச் சளிகளில் 84 சதவீதத்தில் பாக்டீரியா வளர்ந்தது; வெள்ளைச் சளியில் 38 சதவீதம்தான்.

இளைப்பை அளக்கக் கருவி வேண்டாம். நேற்று வரை தானே குளித்தவர் இன்று பாதியில் உட்கார்ந்துவிடுகிறாரா? ஒரு தலையணை போதும் என்றிருந்தவர் இரண்டு மூன்று கேட்கிறாரா? இன்ஹேலர் இழுத்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி கை அதைத் தேடுகிறதா?

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளுக்கு ஆக்சிமீட்டர் வந்துவிட்டது. அதில் ரத்த ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே போனாலே பதறுகிறார்கள். ஆனால், இந்த நோயாளிகளில் சிலருக்கு நல்ல நாளிலேயே 91, 92தான் காட்டும். அவரவர் வழக்கமான அளவு தெரிந்திருந்தால்தான் இறக்கம் புரியும்.

பதற்றத்தில் ஆக்சிஜன் சிலிண்டரை முழுசாகத் திறந்துவிடுவது பெரிய தவறு. ஆக்சிஜன் அளவு மீறினால் சில நோயாளிகளின் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஆம்புலன்ஸில் வந்த 405 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆக்சிமீட்டர் அளவை 88 முதல் 92-க்குள் நிறுத்தி அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதம். எனவே, மருத்துவர் குறித்துக்கொடுத்த அளவைத் தாண்டவே கூடாது.

கரியமில வாயு தேங்கினால் காலையில் தலைவலிக்கும். பிறகு தூக்கம் அழுத்தும். ராத்திரி முழுக்கத் திணறியபடி உட்கார்ந்திருந்தவர் விடிகாலையில் கண் அசந்தால், 'பாவம், தூங்கட்டும்' என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். உயிர் போவது பல நேரம் இப்படித்தான். எழுப்பிப் பாருங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் விழித்தாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். தூக்க மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள்.

அந்த நிலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நோட்டு வாங்கி, நல்ல நாளில் எத்தனை படி ஏற முடிகிறது, சளி என்ன நிறம், ஆக்சிமீட்டர் என்ன காட்டுகிறது என்று இந்த வாரமே எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.