தையிலும் தாமதிக்கும் விடியல்

ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-இல் வருகிறது. சென்னையில் அன்று பகல் 11 மணி 21 நிமிடம். அதற்குப் பிறகு பகல் நீளத் தொடங்குகிறது. அப்படியானால் விடியலும் முந்த வேண்டும் அல்லவா? முந்துவதில்லை. டிசம்பர் 21 அன்று 6.26-க்கு உதிக்கும் சூரியன், பொங்கலும் கழிந்து ஜனவரி நான்காம் வாரத்தில் 6.36-க்குத்தான் எட்டிப் பார்க்கிறது. தையில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை எழுப்பும் தாய்மார்களின் அலுப்பு நியாயமானதே.

மாலைக் கணக்கு வேறு. மிகச் சீக்கிரம் இருட்டும் நாள் நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே வந்துபோய்விடுகிறது, அப்போது 5.39-க்குச் சூரியன் மறையும். டிசம்பர் 21-இல் அது 5.47, ஜனவரி நான்காம் வாரத்தில் 6.05. அதாவது ஒரு மாதத்தில் மாலைக்கு 18 நிமிட வரவு, காலைக்கு 10 நிமிடச் செலவு.

பகல் நீள்வதும் குறுகுவதும் பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். காலையும் மாலையும் ஏன் ஒரே சீராக மாறுவதில்லை என்பதைத்தான் அங்கே சொல்வதில்லை. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் போதும். அதற்குள் தன் பாதையிலும் நகர்ந்துவிடுவதால், மீண்டும் சூரியனுக்கு நேராக வர ஏறத்தாழ 4 நிமிடம் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. இந்தக் கூடுதல் எல்லா நாளும் ஒன்றல்ல. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அப்போது அதன் ஓட்டமும் வேகம். அச்சின் சாய்வும் அதே திசையில் சேர்ந்துகொள்கிறது. பகல் மிகக் குறுகும் அல்லது மிக நீளும் கதிர்த்திருப்ப நாட்களில் சூரியன் வடக்கிலோ தெற்கிலோ நகர்வதில்லை; அதன் நகர்வு முழுவதும் கிழக்கு நோக்கியே. இரண்டும் கூடி, டிசம்பர் இறுதியில் ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுதுக்கு 24 மணி நேரமும் அரை நிமிடமும் ஆகிவிடுகிறது.

ஆகவே நவம்பர் மூன்றாம் வாரத்தில் 11.55 வாக்கில் உச்சிக்கு வரும் சூரியன், ஜனவரி நான்காம் வாரத்தில் 12.20-க்கு வருகிறது. உதயமும் அஸ்தமனமும் அதன் பின்னாலேயே இழுபடுகின்றன. லண்டனிலும் இது உண்டு. ஆனால் அங்கே பகல் டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைவு, ஜூனில் 16 மணி நேரத்துக்கும் அதிகம். அவ்வளவு வேகமாகப் பகல் நீள்வதால், டிசம்பர் கடைசியிலேயே விடியல் முந்தத் தொடங்கிவிடுகிறது. சென்னையின் மிக நீண்ட பகலே 12 மணி 53 நிமிடம்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்கு இழுபறி நீடிக்கிறது.

உத்தராயணத்தைத் தை முதல் நாளில் கொண்டாடுவதற்கும் இந்த இழுபறிக்கும் சம்பந்தமில்லை. அது பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுவதால் வந்த விலகல். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் மகர சங்கராந்தியும் கதிர்த்திருப்பமும் ஒரே நாளில் நிகழ்ந்தன.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஒரு மீட்டர் குச்சி போதும். மொட்டைமாடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். டிசம்பர் 21 உச்சிப்பொழுதில் சென்னையில் அதன் நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் விழும். ஏப்ரல் 24 வாக்கில் நிழலே இராது. ஜூன் 21-இல் 18 சென்டிமீட்டர் நிழல் தெற்கே சாயும். வாரம் ஒருமுறை, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைப் பிள்ளைகளைக் கொண்டு குறித்துவைக்கச் சொல்லுங்கள்.